நயம் பாராட்டவா, நோட்ஸ் ஒப்பிக்கவா?

ஒன்பதாம், பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையில் வழக்கமாக வரும் கேள்வி ஒன்று உண்டு: பாடலைப் படித்து நயம் பாராட்டுக. நம் பிள்ளைகள் எப்படிப் பதில் எழுதுகிறார்கள்? திரண்ட கருத்து, எதுகை நயம், மோனை நயம், அணி நயம், சந்த நயம் என்று தலைப்புகள் கடை நோட்ஸில் வரிசையாக அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொன்றின் கீழும் மனப்பாடமாக இரண்டு வரி. பாட்டு எதுவானாலும் அதே புகழுரை! பாட்டை மனத்தில் வாங்காமலேயே மார்க்கு வாங்கிவிடலாம். இதற்குப் பெயர் இலக்கியக் கல்வியா?

குற்றம் பிள்ளைகளுடையதல்ல. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில் ஒரு பாட்டைப் பற்றிச் சொந்தமாக நாலு வரி எழுதப் பழக்காமல் விட்டுவிட்டு, பிறகு திடீரென்று நயம் பாராட்டு என்றால் பிள்ளை எங்கே போகும்? நோட்ஸ் கடைக்குத்தான் போகும்!

தனுஷ்கோடியைப் பாருங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் ரயில் நிலையமும் மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் இடிந்தன. வாழத் தகுதியற்ற ஊர் என்று சர்க்கார் அறிவித்தது. ஆனாலும் மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு இன்றும் அங்கே வலை இழுக்கின்றன. 2017-ல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. சுற்றுலா வருகிறவர்களுக்கு இடிந்த சுவர்கள் வேடிக்கைப் பொருள்.

இந்தக் கரைக்குச் சங்க இலக்கியத்திலேயே இடம் உண்டு. மதுரைத் தமிழ்க்கூத்தனார் கடுவன் மள்ளனார் பாடிய அகநானூற்று 70-ஆம் பாட்டில் வரும் கோடி, தனுஷ்கோடியே என்பது அறிஞர் கருத்து. அந்தப் பாட்டில் பரதவர் வலையைப் புகழ்ந்து, அகப்பட்ட அயிலை மீனைப் பங்கிடுகிறார்கள். தலைவியின் காதலைப் பற்றி ஊரே அலர் தூற்றுகிறது. திருமணம் உறுதியானதும் ஊர் வாயடைத்துப் போகிறது. எப்படி? கோடிக்கரையில் இராமன் மந்திராலோசனை செய்தபோது ஆலமரத்துப் பறவைகள் ஒலி அடங்கியது போல!

ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் கேளுங்கள்: காதல் பாட்டில் மீன் பங்கீடு எதற்கு? வலையில் விழுந்தது ஊருக்கெல்லாம் தெரிவது போலக் காதலும் தெரிந்துவிட்டது என்று ஒரு பிள்ளை எழுதலாம். பகிர்ந்து உண்ணும் ஊர்க்காரன் வாக்குத் தவறமாட்டான் என்று இன்னொரு பிள்ளை எழுதலாம். இரண்டும் சரியே, ஆனால் பாட்டின் எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று காட்ட வேண்டும். கருத்து, அதற்குச் சான்றான சொல், அந்தச் சான்று எப்படிப் பொருந்துகிறது என்ற விளக்கம். இலக்கியக் கட்டுரை என்பது இவ்வளவுதான்! பங்கு பிரிப்பதைக் கண்ணால் கண்ட கரைவலைக்காரன் மகளுக்கு இதில் நோட்ஸ் ஆசிரியரைவிட அதிகம் தெரியும். அவள் வாயை அடைப்பது என்ன நியாயம்?

“வலை இழுக்கிறவன் பிள்ளைக்கு நயம் எதற்கு? தொழில் கற்றால் போதாதா?” என்று கேட்கும் கனவான்கள் இருக்கிறார்கள். இது பழைய பாட்டு! 1953-ல் ராஜாஜி சர்க்கார் கிராமப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரம் தகப்பன் தொழிலைப் பழகச் சொன்னது. குலக்கல்வி என்று மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954-ல் திட்டம் கைவிடப்பட்டது. அன்று பள்ளி நேரத்தைப் பறிக்கப் பார்த்தார்கள். இன்று பள்ளியில் உட்காரவைத்தே சிந்தனையைப் பறிக்கலாமா?

ஆலைத் தொழிலாளியே, விவசாயக் கூலித் தோழரே! கடன் பத்திரத்தில் ஒரு சொல், ஆலை நோட்டீசில் ஒரு சொல், நம் குடும்பத்தின் சோற்றைப் பறித்துவிடும். பாட்டின் சொல்லை நிறுத்தி ‘இது ஏன்?’ என்று கேட்கப் பழகிய பிள்ளை, பத்திரத்தின் சொல்லையும் நிறுத்திக் கேட்கும்.

ஆகவே நாம் கோருவது இதுதான்: ஆறாம் வகுப்பு முதலே சொந்தக் கட்டுரை எழுதப் பழக்கு! நோட்ஸ் வரிக்கு மார்க்கு போடாதே. சான்று காட்டிய பிள்ளைக்குப் போடு! எல்லாப் பள்ளியிலும் போதிய தமிழாசிரியரையும் நூலகத்தையும் கொடு! பள்ளிப் பெற்றோர் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையின் நோட்டுப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோவோம். இதில் என் பிள்ளை சொந்தமாக எழுதிய வரி எங்கே என்று கேட்போம்!