ஆய்வாளரா, முதலாளிக்கு வசதியாளரா?

2025 ஜூன் 30 காலை, தெலங்கானா மாநிலம் சங்காரெட்டி மாவட்டத்தின் பாசமைலாரம் தொழிற்பேட்டையில் சிகாச்சி ஆலை வெடித்துச் சிதறியது. மாத்திரைத் தயாரிப்பில் பயன்படும் செல்லுலோஸ் தூளை உற்பத்தி செய்யும் அந்த ஆலையில் 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். எட்டுப் பேரின் உடல்கள்கூடக் கிடைக்கவில்லை. இறந்தோரில் பலர் பீகார், ஒடிசா, உத்தரப்பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள்.

இதனை விபத்து என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைத்துவிட ஆளும் வர்க்கம் விரும்புகிறது. ஆனால், நுண்தூள் காற்றோடு கலந்து ஒரு பொறி பட்டால் வெடிக்கும் என்பது நேற்று கண்டறிந்த உண்மையன்று. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 37ஆவது பிரிவு இத்தகைய ஆபத்தைப் பற்றியதே. தூள் வெளியேறாதவாறு இயந்திரத்தை மூடுவது, தேங்கும் தூளை அகற்றுவது, தீப்பொறி எழும் வழிகளை அடைப்பது என முதலாளியின் கடமைகளை அது வகுத்துள்ளது. அக்கடமைகள் நிறைவேறுகின்றனவா என்று ஆலைக்குள் நுழைந்து பார்க்க வேண்டியவர் தொழிற்சாலை ஆய்வாளர். அவரைத்தான் ஒன்றிய அரசு படிப்படியாக முடக்கி வந்திருக்கிறது.

2014 அக்டோபர் 16 அன்று பிரதமர் மோடி ‘ஷ்ரமேவ ஜயதே’ திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எந்த நிறுவனத்தை ஆய்வு செய்வது என்பதை அன்றுமுதல் கணினிக் குலுக்கல் முடிவு செய்யலாயிற்று. 2020 செப்டம்பரில், எதிர்க்கட்சிகள் அவையில் இல்லாத நேரத்தில், பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணி நிலைமைகள் தொகுப்பு மாநிலங்களவையில் நிறைவேற்றப்பட்டது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன்படி ஆய்வாளர் இனி வெறும் ஆய்வாளர் அல்லர். ‘ஆய்வாளரும் வசதியாளரும்’ ஆவார். யாருக்கு வசதி என்ற வினாவுக்குத் தொகுப்பே விடையளிக்கிறது. மின்சக்தி பயன்படுத்தும் கூடம் தொழிற்சாலையாகக் கருதப்பட முன்பு 10 தொழிலாளர்கள் போதும். இனி 20 பேர் வேண்டும். மின்சக்தி இல்லாத இடங்களில் 20 என்பது 40 ஆகிவிட்டது. அபராதம் மட்டுமே தண்டனையாக உள்ள குற்றங்களில் உச்ச அபராதத்தில் பாதியைச் செலுத்தி முதலாளி சமரசம் செய்துகொள்ளலாம். தொழிலாளியின் பாதுகாப்புக்குத் தள்ளுபடி விலை நிர்ணயித்திருக்கிறார்கள்!

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949லேயே ஏற்றது. முன்னறிவிப்பின்றி, பகலோ இரவோ எந்நேரமும் ஆய்வாளர் பணியிடத்தில் நுழையலாம் என்றும், தேவையான அளவு அடிக்கடியும் முழுமையாகவும் ஆய்வு நடக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. தேவையை ஆபத்து தீர்மானிக்க வேண்டுமா, குலுக்கல் தீர்மானிக்க வேண்டுமா?

‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ ஒழிந்தது என்று முதலாளிகளின் சங்கங்கள் கொண்டாடுகின்றன. ஆய்வாளர்களில் கையூட்டுப் பெறுவோர் உண்டு, மறுப்பதற்கில்லை. அந்தக் கையூட்டைக் கொடுப்பவர் யார்? ஆபத்தை மறைக்க விரும்பும் முதலாளியே. வாங்குபவரைக் காரணம் காட்டி, கொடுப்பவருக்கு விடுதலை வழங்குவது எந்த நீதி? ஊழலுக்கு மருந்து, ஆய்வறிக்கையைத் தொழிலாளர் முன் பகிரங்கமாக வைப்பதே. ஆய்வைக் கைவிட்டு முதலாளியின் சுயசான்றிதழை ஏற்பது வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகும்.

அரியானாவின் குருகிராம்–மானேசர் வட்டாரத்து வாகன உதிரிபாகப் பட்டறைகளில் பவர் பிரஸ் இயந்திரங்கள் தொழிலாளர் விரல்களைத் துண்டித்துக்கொண்டே இருக்கின்றன. கை உள்ளே இருந்தால் இயந்திரத்தை நிறுத்தும் சென்சார் இல்லை. இருந்தாலும் உற்பத்தி வேகத்துக்காக அது அணைக்கப்படுகிறது. இதனை மேலாளர் அறையில் தேநீர் அருந்தியபடி பதிவேட்டைப் புரட்டும் ஆய்வு ஒருபோதும் காணாது. இரவு ஷிப்டில் நுழைந்து, இயந்திரத்தின் அருகில் நின்று, ஒப்பந்தத் தொழிலாளியிடம் அவரது மொழியில், மேற்பார்வையாளர் இல்லாத இடத்தில் பேசும் ஆய்வே காணும்.

ஏனெனில் ஆபத்தை முதலில் அறிபவர் தொழிலாளியே. போபால் யூனியன் கார்பைடு ஆலையில் 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் வாயு ஒரு தொழிலாளியைக் கொன்றது. தொழிற்சங்கம் எச்சரித்தது, 1982ல் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி எழுதினார். எவரும் செவிமடுக்கவில்லை. 1984 டிசம்பர் 2 நள்ளிரவில் நகரமே விலை கொடுத்தது. அதன் பிறகே, 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், உடனடி ஆபத்தைச் சுட்டிக்காட்டும் உரிமை அபாயகரத் தொழில்களின் தொழிலாளர்களுக்குச் சட்டத்தில் எழுதப்பட்டது. நாளை வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் வாழும் ஒப்பந்தத் தொழிலாளி அந்த உரிமையை எங்ஙனம் பயன்படுத்துவார்? சங்கம் அமைக்கும் உரிமையும் பணிப் பாதுகாப்பும் இன்றி உயிர்ப் பாதுகாப்பு இல்லை.

பாசமைலாரம் எரிந்த ஒன்பதாம் நாள், ஜூலை 9 அன்று, நான்கு தொகுப்புகளையும் கைவிடக் கோரி நாடெங்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அக்கோரிக்கையுடன் இவையும் ஒலிக்க வேண்டும்: காலியாக உள்ள ஆய்வாளர் பணியிடங்களை நிரப்புக! முன்னறிவிப்பற்ற ஆய்வை உறுதி செய்க! ஆய்வின்போது தொழிலாளர் பிரதிநிதி உடன் செல்லும் உரிமையை வழங்குக! ஒவ்வோர் அறிக்கையையும் ஆலை வாயிலில் தொழிலாளர் அறிந்த மொழியில் ஒட்டுக! ஒப்பந்ததாரரின் பின்னே ஒளியும் முதன்மை முதலாளியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துக!

ஆய்வாளர் வராத ஆலையில் மரணம் முன்னறிவிப்பின்றி வருகிறது. அதைத் தடுக்கும் கடமையை முதலாளியின் மனச்சாட்சியிடம் ஒப்படைத்துவிட்டுத் தொழிலாளி வர்க்கம் காத்திருக்க இயலாது.