அச்சுக்கோப்பவர் எழுதிய சரித்திரங்கள்

விழா மலர்களில் ஒரு வழக்கம் உண்டு. நிறுவியோர், அதிபர்கள், கொடை நல்கியோர் ஆகியோரின் படங்களை வரிசையாக அச்சிட்டு, பிறந்த ஆண்டும் மறைந்த ஆண்டும் குறித்து, அன்னார் ஆற்றிய பணி அளப்பரியது என்று ஒரு வரியும் சேர்த்துவிடுவோம். அளப்பரியது என்று சொல்லிவிட்டால் அளக்க வேண்டிய தொல்லை இல்லையன்றோ! அவர் செய்தது யாது, எதனாற் செய்தார், எங்கே தோற்றார், அன்று அவர் வீட்டு அடுப்பில் உலை கொதித்ததா என்பவற்றையெல்லாம் எழுதப் புகுந்தால் அது வேறொரு கலை. வாழ்க்கை வரலாறு என்னும் அக்கலையிலே தமிழில் பெயர் பெற்ற ஒருவரைப் பற்றியும், அவர் சென்னையிலிருந்து செய்த பணி இக்கல்முனைக் கரையில் எங்ஙனம் செய்யப்பட வேண்டும் என்பது பற்றியும் சில கூற விரும்புகின்றேன்.

சிலம்புச் செல்வர் ம. பொ. சிவஞானம் அவர்கள் 1906ஆம் ஆண்டு ஜூன் 26ஆந் திகதி சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியிற் பிறந்தார். தந்தையார் பொன்னுசாமிக் கிராமணியார், தாயார் சிவகாமியம்மையார். பள்ளிப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. வறுமை நிறுத்தியது. சில ஆண்டுகள் தறியில் நெசவு செய்தார். மருதமுனைத் தறிகளின் ஓசை கேட்டு வளர்ந்த நம் மாணவர்க்கு அத்தொழிலின் உழைப்பையும் ஊதியத்தையும் விளக்க வேண்டியதில்லை. பின்னர், டாக்டர் வரதராஜுலு நாயுடு அவர்கள் நடத்திய ‘தமிழ்நாடு’ பத்திரிகையின் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராகச் சேர்ந்தார்.

அச்சுக்கோப்பவர் என்றால் யார் என்று இன்றைய பிள்ளைகள் கேட்பர். ஈய எழுத்துக்களை அறைகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடம் வலம் மாறிய வடிவிலே வரிசைப்படுத்திச் சொல்லாகவும் வரியாகவும் அடுக்குபவர் அவர். பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகக் கையால் தொட்டு வாசித்தாலன்றி அவருக்குக் கூலியில்லை. அவ்வாறு வாசித்தவர், பின்னாளில் தாமே எழுதலானார். ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றையே தகுதியாகக் கொண்ட என் போன்றோர்க்கு இச்செய்தி ஒரு தனி இன்பம் தருவது, அதனை மறைப்பானேன்?

காங்கிரசுத் தொண்டராகிப் பன்முறை சிறை புகுந்தார். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் அமராவதிச் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே உடல் நலிந்தது. ஆயினும் அங்கேதான் சிலப்பதிகாரத்தை ஆழ்ந்து கற்றார். ‘சிலம்புச் செல்வர்’ என்னும் பட்டம் பேராசிரியர் ரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் வழங்கியது. 1946இல் தமிழரசுக் கழகம் கண்டதும், வடவெல்லைக் கிளர்ச்சியை முன்னின்று நடத்தியதும், 1960இல் திருத்தணி தமிழகத்தோடு சேர்ந்ததும், சட்ட மேலவையின் தலைவராக அது 1986இல் நீக்கப்படும்வரை வீற்றிருந்ததும் அரசியல் வரலாறு. அவை பலரும் அறிந்தவை. 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1995 அக்டோபர் 3ஆந் திகதி மறைந்தார். நிற்க.

நாம் கருத வேண்டியது அவருடைய ‘கப்பலோட்டிய தமிழன்’. வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்கள் 1936 நவம்பரில் தூத்துக்குடியில் காலமானார். அப்போது அவரை நினைப்பார் மிகச் சிலர். 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியைத் தோற்றுவித்து, தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்குமிடையே ஆங்கிலக் கம்பெனிக்குப் போட்டியாகக் கப்பல் விட்டவர் அவர். பங்கொன்று இருபத்தைந்து ரூபாவாக நாற்பதினாயிரம் பங்குகள்; மூலதனம் பத்து இலட்சம். அதில் எண்ணாயிரம் பங்குகளை, அஃதாவது இரண்டு இலட்சம் ரூபாவுக்கு, வாங்கியவர் ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்னும் முஸ்லிம் வணிகர். கம்பெனித் தலைவர் பாண்டித்துரைத் தேவர். ஆங்கிலக் கம்பெனியோ கட்டணத்தைக் குறைத்தது. அதுவும் போதாமல் இலவசமாக ஏற்றிச் சென்று குடையும் கொடுத்தது என்பர். 1908இல் சிதம்பரனார் சிறைப்பட்டார். இரட்டை ஆயுள் தண்டனை பெற்றார். கோயம்புத்தூர்ச் சிறையிற் செக்கிழுத்தார். மேன்முறையீட்டில் தண்டனை குறைந்து 1912 டிசம்பரில் வெளிவந்தபோது கப்பலுமில்லை, வக்கீல் தொழிலுக்குரிய சன்னதுமில்லை. சென்னையிலே அரிசி விற்றும் பிழைத்தார். ஆங்கில நீதிபதி வாலேஸ் என்பவர் துணையாற் சன்னது மீண்டது. அந்நன்றிக்காகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியோடு பொருதவர் ஆங்கிலேயர் ஒருவரின் பெயரைத் தம் இல்லத்தில் வழங்க வைத்தார் என்னும் இச்சிறு செய்தி, அவரைப் பற்றிய நூறு மேடைப் பேச்சுக்களினும் மேலாக அவரை நம் கண்முன் நிறுத்துகின்றது.

இத்தகையவர் மறைந்து ஏறக்குறையப் பத்து ஆண்டுகளுக்குள், அவருடன் பழகியோர் உயிரோடிருந்த காலத்திலேயே, ம. பொ. சி. அந்நூலை எழுதி ஊரறியச் செய்தார். அவர் பெரியவரா என்று காலம் முடிவு செய்யட்டும் என்று காத்திருக்கவில்லை. காத்திருந்தால் முடிவு சொல்லக் காலம் இருந்திருக்கும். சான்று சொல்ல ஆட்கள் இருந்திரார். 1961இல் அந்நூலைத் தழுவி பி. ஆர். பந்துலு படமெடுத்தார். இன்று தமிழகத்துக் குழந்தையும் அறிந்த பெயர், ஒரு காலத்தில் ஒரு நூலாசிரியரின் பிடிவாதத்தால் மீட்கப்பட்டதென்பதைப் பலர் அறியார்.

கட்டபொம்மன் சரித்திரத்தைப் பற்றி எனக்கு இத்துணை நிறைவு இல்லை. 1799 அக்டோபர் 16ஆந் திகதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அப்பாளையக்காரனை விடுதலை வீரனாக நிலைநாட்டியதில் ம. பொ. சி.க்குப் பெரும் பங்குண்டு. தூக்கிலிட்ட தளபதி பானர்மேனே அவனது அஞ்சாமையைத் தன் கடிதத்திற் குறித்திருக்கின்றான். பகைவன் வாயிலிருந்து வரும் சான்றுக்கு மிஞ்சிய சான்று வேறு எது? அது வரையில் நன்று. ஆயினும், கட்டபொம்மனை வீரனென ஏற்க மறுத்துத் தமிழ்வாணன் தனி நூலே எழுதும்படி ஆயிற்று. இருபுறமும் வழக்கறிஞராக நின்று வாதாடினர் என்பதே என் எண்ணம். வாழ்க்கை வரலாற்றாசிரியன் வழக்கறிஞனாகிவிட்டால் தன் கட்சிக்காரனின் குற்றங்களை நெஞ்சறிய விட்டுவிட நேரும். போதாக்குறைக்கு 1959இல் வந்த படத்தின் வசனங்களை நம் பாடசாலை மேடைகளில் எத்துணைச் சிறுவர் முழங்கியிருப்பர்! அவருள் பலர்க்கு வசனமே வரலாறு. அது நூலாசிரியரின் குற்றமன்று. ஆனாலும், வீரத்தை மட்டும் எழுதினால் இத்தகைய பயனே விளையும்.

இவ்விடத்தில் டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களை ஒப்பிடாதிருத்தல் இயலாது. தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை அவர்களின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியரைத் தெய்வமாகப் போற்றியவர். எனினும் அவர் பட்ட கடன்களை எழுதக் கூசவில்லை. கடன்பட்ட புலவரே நமக்கு நெருங்கியவராகின்றார். ம. பொ. சி.யின் நடையில் வேகம் மிகுதி. ஐயரவர்களின் நடையிற் பொறுமை மிகுதி. இரண்டும் ஒருவரிடம் சேர்வது அரிது போலும்.

1966ஆம் ஆண்டு இந்திய சாகித்திய அக்காதெமிப் பரிசு ம. பொ. சி.க்குக் கிடைத்தது, ‘வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு’ என்னும் நூலுக்காக. இராமலிங்க அடிகளின் கொள்கையைச் சமுதாய ஒருமைப்பாட்டு நோக்கில் ஆராய்ந்த அந்நூல் பரிசுக்குரியதே. எனினும் என்னைக் கேட்டால் பரிசைக் கப்பலோட்டியவருக்கே அளித்திருப்பேன். கேட்பார் யாருமில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். காரைதீவிலே 1892இற் பிறந்த விபுலாநந்த அடிகளைப் பற்றி நூல்களுக்கும் மலர்களுக்கும் குறைவில்லை. அவற்றுட் பெரும்பாலன புகழுரைகள். 1947 ஜூனில் யாழ்நூலை அரங்கேற்றி, அடுத்த மாதம் 19ஆந் திகதி மறைந்த அவர், நோயோடு அந்நூலை முடித்த இறுதி ஆண்டுகளை நாள்நாளாக ஆராய்ந்து எழுதுதற்கு இன்னும் நிறைய இடமுண்டு.

அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை எண்ணிப் பாருங்கள். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிற் பயின்று, இலங்கைச் சிவில் சேவையிற் புகுந்த முதல் முஸ்லிமாகி, போர்க்காலத்தில், 1942இல், உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தவர். அரிசி அருகிய அந்நாளில் இப்பகுதியின் உணவு உற்பத்தியைப் பெருக்கப் பாடுபட்டதும், கல்முனையிலிருந்தே முஸ்லிம் மாணவர் கல்விக்கு நிதி திரட்டும் எண்ணத்தை வளர்த்ததும், விபுலாநந்த அடிகளோடு கொண்ட நட்பும் ஒரு நூலுக்குப் போதிய பொருள். பின்னர் கொழும்பு சாஹிராக் கல்லூரி அதிபராகவும், ‘இலங்கையில் இஸ்லாம்’ என்னும் நூலின் ஆசிரியராகவும் அவரை உலகம் அறியும். கல்முனை அஸீஸை அறிந்தோர் கல்முனையார் மட்டுமே. மருதமுனைப் புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீன் அவர்களைப் பற்றியும் இவ்வாறே கூறலாம்.

ஆனால் நம் கரையில் ஓர் இடர் உண்டு. அது சென்னையில் இருந்த ம. பொ. சி.க்கு இல்லாதது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளி கூரைகளைக் கொண்டுபோயிற்று. 2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடல், கல்முனைக்குடி, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு ஆகிய ஊர்களின் கரையோர வீடுகளை உயிர்களோடு கொண்டுபோயிற்று. உயிர்களை இழந்து அழுத நாம், அவ்வீடுகளிலிருந்த கடிதங்களையும் படங்களையும் நாட்குறிப்புகளையும் எண்ணி அழ அன்று நேரமில்லை. எஞ்சியவை வயற்பக்கத்து வீடுகளின் பெட்டகங்களிலும், தொண்ணூறு கடந்த சிலரின் நினைவிலும் இருக்கின்றன.

ஆதலால் மேல்வகுப்பு மாணவர்க்கு ஒன்று கூறுவேன். அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரிலுள்ள முதியவர் ஒருவரிடம், அது வாப்பாவின் வாப்பாவாயினும் சரி, அம்மாச்சியாயினும் சரி, போர்க்காலத்துக் கூப்பன் அரிசியைப் பற்றியும் அந்நாளைய கச்சேரியைப் பற்றியும் கேட்டு, அவர் சொன்னபடியே எழுதுங்கள். திகதியும் இடமும் குறியுங்கள், புகழ்ச்சி வேண்டா. நாற்பது பக்கக் கொப்பி ஒன்று போதும். நிரம்பிய கொப்பிகளைக் கல்லூரி நூலகத்தில் ஓர் அலுமாரியில், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, மேல்மாடியில் வைக்க வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தாரைக் கேட்டுக்கொள்கின்றேன்.