பதிவேட்டில் அவள் பெயர்

ஷாதிபூர் என்னும் பெயரைத் தமிழாக்கினால் மணவூர் என்றாகும். இன்று ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்றிருக்கும் போர்ட் பிளேர் நகரத்தின் இப்பகுதியில் நிற்போர்க்குத் தீவின் பழைய துயரம் ஒன்று நினைவில் எழும். 1858-இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகளின் குடியேற்றத்தை நிறுவினர். கடல் கடத்திக் கொண்டுவரப்பட்ட பெண் கைதிகள் சிறையை விட்டு வெளியேறுவதற்கு இருந்த முதன்மையான வழி, தனிக்குடித்தன உரிமை பெற்ற ஓர் ஆண் கைதியை மணப்பதே. மணந்தால் வெளியே வரலாம். மணவாவிடில் பெரும்பாலும் உள்ளேயே கிடக்க வேண்டும்.

அக்கொடுமை மறைந்தது, மணமே பெண்ணுக்கு மீட்பு என்னும் எண்ணம் மறையவில்லை. பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி கருவுற்றாள் என்று தெரிந்தால், நம் வீடுகளில் இன்றும் முதலில் எழும் பேச்சு திருமணம் பற்றியதே. பதினெட்டு வயது நிரம்பாத பெண்ணின் மணத்தை 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருப்பதை அறிந்தவர்களும், மானம் போயிற்றே என்று அதே பேச்சில் கலந்துகொள்கிறார்கள். அவள் படிப்பு என்னாகும் என்று கேட்பார் இல்லை. பாலியல் குற்றத்துக்கு ஆளான சிறுமியரின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடுவதைப் போக்சோ சட்டம் தடுக்கிறது. ஊர்வாயைத் தடுக்க எந்தச் சட்டமும் இல்லை.

இஃது எங்கோ ஒரு வீட்டில் நேரும் அரிய நிகழ்வன்று. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களுள் 6.8 விழுக்காட்டினர் தாயாகியோ கருவுற்றோ இருந்தனர். நூற்றுக்கு ஏழு பேர் என்றால், அவர்களுள் ஒருத்தியையேனும் அறியாத தெரு இராது.

இவ்வகையில் ஒரு வழக்கை நாம் கருத்தூன்றி நோக்க வேண்டும். மேற்கு வங்கத்தில் 2018-இல் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி, தன்னினும் பெரிதும் மூத்த ஓர் ஆடவனோடு சென்று, பின்னர் தாயானாள். பெற்றோர் கைவிட்டனர். அவனைத் தண்டித்த தீர்ப்பைக் கல்கத்தா உயர் நீதிமன்றம் 2023-இல் நீக்கியது. வளரிளம் பெண்கள் தம் இச்சையை அடக்க வேண்டும் என்று அறிவுரையும் கூறியது. நம் தீவுகளின் வழக்குகளையும் விசாரிக்கும் நீதிமன்றம் அது. உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் அத்தீர்ப்பைத் தள்ளி, அவன் குற்றவாளியே என்று நிலைநாட்டியது. 2025 மே 23 அன்று, அவளுடைய நிலையை ஆராய்ந்த வல்லுநர் குழுவின் அறிக்கையைக் கண்டபின், அவனுக்குத் தண்டனை விதியாமல் விடுத்தது. அதைப் பற்றிக் கருத்து வேறுபாடு இருக்கலாம். நாம் போற்றுவது அத்தீர்ப்பின் மற்றொரு பகுதியை: பத்தாம் வகுப்பு வரையும், அவள் விரும்பினால் பட்டம் பெறும் வரையும், கல்விச் செலவு முழுவதையும் மாநில அரசே ஏற்க வேண்டும் என்று நீதியரசர்கள் ஆணையிட்டனர். அவள் குழந்தையின் படிப்பையும் அவர்கள் மறக்கவில்லை. குடும்பமும் சமூகமும் சட்டமும் அவளைக் கைவிட்டதை ஒளியாமல் ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது.

ஆனால் ஒரு பெண் மீண்டும் புத்தகத்தைக் கையிலெடுக்க, நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை வழக்குச் சென்றாக வேண்டுமா? ஏழாண்டு கழிந்தபின் வந்த அந்த ஆணை, முதல் மாதத்திலேயே ஒரு தலைமையாசிரியரின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டிய சொல் அல்லவா?

நம் பள்ளிகள் இத்தகைய பெண்ணை வெளியேற்றுவதில்லை. தந்தையை அழைத்து, மாற்றுச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள் என்று தணிந்த குரலில் கூறுகின்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் காப்பு பதினான்கு வயதோடு முடிகிறது. காப்பு மிகுதியாக வேண்டப்படும் வயது அதன்பின்னரே தொடங்குகிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தமிழிலேயே பத்தாம் வகுப்பை எழுத இயலும், அது நல்வாய்ப்பு. எனினும் அதை அவளே தேர்ந்துகொள்ள வேண்டும். கதவை அடைத்த பள்ளி கைகாட்டும் பின்வழியாக அஃது ஆகிவிடக் கூடாது.

ஜமைக்கா நாடு 1978 முதலே இளந்தாயர்க்கெனக் கல்வி மையம் நடத்தி, அவர்களை மீண்டும் பள்ளிக்கு அனுப்பிவருகிறது. கருவுற்ற மாணவியரைப் பள்ளியில் தடுத்துவந்த சியரா லியோன் 2020-இலும், தான்சானியா 2021-இலும் அத்தடையை நீக்கின. நம்மிடம் எழுதிய தடை ஏதும் இல்லை; எழுதாத தடையை நீக்குவதே கடினம்.

முதலில் அவளுக்குத் தன்னம்பிக்கை வரட்டும், பிறகு பள்ளிக்கு அனுப்பலாம் என்கிறார்கள் நல்லெண்ணம் கொண்டோர் சிலர். வரிசை தவறானது. வீட்டின் பின்கட்டில் ஒளித்து வைக்கப்பட்ட பெண்ணுக்கு நம்பிக்கை எங்கிருந்து ஊறும்? கணக்கு ஒன்றைத் தானே போட்டு விடை சரியாகக் காணும்போது ஊறும். பக்கத்து இருக்கைத் தோழி பழையபடி பேனா கேட்கும்போது ஊறும். பள்ளிதான் அதன் ஊற்றுக்கண்.

ஆதலின் அந்தமான் நிக்கோபார் நிர்வாகம் ஒரு தெளிவான ஆணையை எழுத்தில் வெளியிட வேண்டும். கருவுற்றாள் என்பதற்காக எந்த மாணவியின் பெயரும் நீக்கப்படலாகாது. மகப்பேற்றுக்கால வருகைக் குறைவு பொறுக்கப்பட வேண்டும். குழந்தையை விட்டுச்செல்ல அங்கன்வாடியோடு இணைந்த காப்பகம் பள்ளிக்கு அருகே வேண்டும். பால் கொடுக்க அவளுக்கு இடைவேளை வேண்டும். அவளை இழிவாகப் பேசும் நாவை ஆசிரியர் அங்கேயே அடக்க வேண்டும். பெற்றோர்க்கு நாம் வேண்டுவது ஒன்றே: மகள் நேற்றும் உங்கள் மகள், இன்றும் உங்கள் மகளே.

சிறையிலிருந்து வெளிவர மணமே முதன்மையான வழி என்று வகுத்தது அந்நியர் ஆட்சி. அதே விதியை நாம் நம் பெண்களுக்கு வகுக்கலாகாது. காலையில் வருகைப் பதிவேட்டை விரிக்கும் ஆசிரியர் அவள் பெயரைத் தயங்காமல் அழைக்கட்டும். "உள்ளேன், ஐயா" என்று அவள் எழுந்து சொல்லட்டும்.