கிரீன்லாந்தின் சுதந்திரமும் வர்த்தகமும்

சுதந்திரம் கோரும் ஜனங்களை நோக்கி ஆளுவோர் கேட்கும் கேள்வி எக்காலத்திலும் ஒன்றே: "நாங்கள் போய்விட்டால் உங்கள் வயிற்றுக்கு வழி என்ன?" பெரும்பாலும் இது ஆதிக்கத்தை நீட்டித்துக்கொள்வதற்கான சாக்கே ஆகும். எனினும், சாக்காகக் கேட்கப்படும் கேள்விக்கும் உண்மையான விடை தேடவேண்டிய நிலைமையில் சில சிறு தேசங்கள் இருக்கின்றன. டென்மார்க் ராஜ்யத்தைச் சேர்ந்த கிரீன்லாந்து அவற்றுள் ஒன்று. சுமார் 57,000 ஜனங்களே வசிக்கும் அத்தீவின் பிரச்னை சுதந்திரப் பிரியர் அனைவரும் ஊன்றிக் கவனிக்கத்தக்கது.

அரசியல் உரிமையைப் பற்றி விவாதத்துக்கு இடமில்லை. 1979ல் உள்நாட்டு ஆட்சியும், 2009 ஜூன் 21ல் விரிவான சுயாட்சியும் அத்தீவுக்குக் கிடைத்தன. சுதந்திரம் பற்றிய தீர்மானம் கிரீன்லாந்து ஜனங்களையே சார்ந்தது என்று 2009ம் வருஷத்துச் சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆகவே, உரிமை உண்டா என்பதல்ல கேள்வி. அவ்வுரிமையைச் செலுத்திய பின் ஜீவனம் எங்ஙனம் நடைபெறும் என்பதே கேள்வி.

அச்சட்டப்படி டென்மார்க் கொடுக்கும் வருஷாந்தர மான்யம் 2009ம் வருஷத்து விலைவாசியில் சுமார் 344 கோடி குரோனர். அதாவது தலைக்கு 60,000 குரோனர். விலைவாசிக்கும் சம்பளத்துக்கும் தக்கபடி இத்தொகை உயர்த்தப்பட்டு வருகிறது. கிரீன்லாந்து சர்க்காரின் வருமானத்தில் ஏறக்குறையப் பாதி இதுவே. ஊருக்கும் ஊருக்கும் சாலையில்லாமல், கப்பலையும் விமானத்தையுமே நம்பியிருக்கும் தேசத்தில், பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் இப்பணமின்றி நடவா.

இதனைத் தருமம் என்று டேனிஷ் பத்திரிகைகள் எழுதுமாயின் அது சரித்திரத்தை மறப்பதாகும். 1776 முதல் 1950 வரை அத்தீவின் வர்த்தகம் கோபன்ஹேகன் சர்க்காரின் வர்த்தக இலாகா ஒன்றின் ஏகபோகமாக இருந்தது. அலுமினியத் தொழிலுக்கு உதவிய கிரையோலைட் என்னும் கனிமம் 19ம் நூற்றாண்டின் மத்தியிலிருந்து 1987 வரை அங்கிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. தானே வாங்கவும் விற்கவும் ஒரு சமூகம் பல தலைமுறைகள் அனுமதிக்கப்படாதிருந்தால், அதனிடம் மூலதனமும் வியாபாரப் பயிற்சியும் குறைந்திருப்பதில் வியப்பென்ன?

இன்று அத்தேசத்தின் ஏற்றுமதிச் சரக்குகளில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் மீனும் இறாலுமே. ஒரே சரக்கை நம்பி வாழ்வதன் அபாயம் அவர்கள் அறியாததன்று. 1960களின் இறுதியில் காட் மீன் அருகியபோது பெருந்துன்பம் நேர்ந்தது. மேலும், மீன்பிடி உரிமையைத் தம் கையில் வைத்துக்கொள்ளும் பொருட்டு 1985ல் ஐரோப்பியப் பொருளாதார சமூகத்திலிருந்து விலகிய அவர்கள், டென்மார்க்கைச் சேர்ந்த கடல்கடந்த பிரதேசம் என்ற அந்தஸ்தால்தான் ஐரோப்பியச் சந்தையில் சுங்கவரியின்றி மீன் விற்று வருகின்றனர். சுதந்திரம் பெறும் நாளில் அந்த அந்தஸ்து நீங்கும். அதற்கு ஈடான உடன்படிக்கை முன்னதாகவே தயாராயிருத்தல் வேண்டும். கொடி ஏற்றுவதற்கு முந்திய வேலை இது.

கனிமச் செல்வத்தால் எல்லாம் நிறைவேறும் என்பாரும் உளர். கனிம வருமானத்தில் முதல் 7.5 கோடி குரோனர் போக மிஞ்சியதில் பாதியளவு மான்யத்தில் குறைக்கப்படும் என்பது சட்டம். மான்யத்திலிருந்து விடுபட இது நல்ல வழிபோலத் தோன்றும். ஆனால் சுரங்கத்துக்கு வேண்டிய மூலதனமும் தொழிலாளரும் வெளியிலிருந்தே வரவேண்டும். நார்சாக் ஊருக்கு அருகிலுள்ள குவானெஃபெல்ட் சுரங்கத் திட்டத்தை, யுரேனியத்துக்கு அஞ்சிய ஜனங்கள் 2021ல் வாக்கினாலும் சட்டத்தினாலும் தடுத்துவிட்டனர். மண்ணை விற்று வாழ்வதா என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இரண்டு தீவுகளின் அனுபவம் இங்கே நினைவுகூரத்தக்கது. 1944ல் டென்மார்க்குடன் தொடர்பறுத்துக் குடியரசான ஐஸ்லாந்தில் அன்று சுமார் ஒன்றேகால் லட்சம் ஜனங்களே இருந்தனர். 1958ல் 12 மைல், 1972ல் 50 மைல், 1975ல் 200 மைல் எனத் தம் மீன்பிடி எல்லையை விரித்து, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களையும் எதிர்த்து நின்று அவர்கள் முன்னேறினர். 1968ல் சுதந்திரம் பெற்ற நௌரு தீவோ, பாஸ்பேட் செல்வத்தில் திளைத்து, அது தீர்ந்து சேமிப்பும் கரைந்தபின், 2001 முதல் ஆஸ்திரேலியா அனுப்பிய அகதிகளைப் பணத்துக்காகக் காவலில் வைக்க இசைந்தது. ஜனத்தொகை சிறிதாயிருந்தது நௌருவின் குற்றமன்று. வருமானத்தைக் காப்பாற்றத் தெரியாததே குற்றம்.

2019லும் பின்னர் 2025லும் அமெரிக்க ஜனாதிபதி டிரம்ப் அத்தீவைத் தமதாக்கிக்கொள்ள விரும்பியதை உலகம் அறியும். ஒரு நாட்டை நிலம் போல விலைபேசுவது அந்நாட்டினருக்கு இழைக்கும் அவமதிப்பு. 2025 மார்ச் தேர்தலில், பொருளாதாரத்தைப் பலப்படுத்திப் படிப்படியாகச் சுதந்திரத்தை நாடவேண்டும் என்ற கட்சிக்கே ஜனங்கள் முதலிடம் அளித்தனர். விரைவில் பிரியவேண்டும் என்ற கட்சி இரண்டாவதாக வந்தது.

இத்தீர்ப்பைக் கோழைத்தனம் என்று நாம் கருதவில்லை. ஒரு எஜமானனின் மான்யத்தை விட்டு மற்றொரு எஜமானனின் மான்யத்தில் விழுவது சுதந்திரமாகாது. மான்யத்தைக் குறித்த வருஷங்களில் படிப்படியாகக் குறைத்தல், மீனைப் பதப்படுத்தும் லாபம் உள்நாட்டிலேயே தங்கச் செய்தல், கனிம வருமானத்தைத் தனி நிதியாகச் சேமித்தல், இளைஞருக்குத் தொழிற்கல்வி அளித்தல் ஆகிய இவையே மார்க்கம். டென்மார்க்கின் கடமையும் தெளிவானது: ஏகபோகத்தால் பெற்ற பழைய லாபத்தை நினைத்து, பிரியும் நாளிலும் சில காலம் கைகொடுத்தல் வேண்டும். "வயிற்றுக்கு வழி என்ன?" என்ற கேள்விக்குக் கிரீன்லாந்து தானே விடை கண்டுவிடுமாயின், அதன்பின் அதனைத் தடுத்து நிறுத்த எவருக்கும் நியாயம் இராது.