பழைய கமான் கொள்ளலாமா?

நம் கல்லூரி வாயிலில் நிற்கும் மோட்டார் வண்டிகளை ஒருமுறை கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவற்றுட் பல, ஒருவர் கை இருவர் கை கடந்து மூன்றாம் கைக்கு வந்தவை. ஆசிரியப் பெருமக்கள் சிலர் அவ்வாறு வாங்கியுள்ளனர். விடுதி மாணவர் மூவர் நால்வர் பொருள் கூட்டிப் பழைய மாருதி ஒன்றைக் கொள்வதும் இந்நாளில் அரிதன்று. இவ்வண்டிகள் பள்ளத்தில் இறங்கி ஏறுங்கால் ‘தொக் தொக்’ என்று ஒலிக்கத் தொடங்கியவுடன் உரிமையாளர்க்கு ஒரு வினா எழுகின்றது: சஸ்பென்ஷன் உறுப்புக்களைப் புதியனவாக வாங்குவதா, புதுப்பேட்டைக்குச் சென்று பழையனவாக வாங்குவதா?

இதன்கண் இரு கட்சியினர் உளர். பழைய உறுப்பு எதனையும் தீண்டலாகாது, அங்குள்ளன யாவும் கழித்த பொருளும் களவுப் பொருளுமே என்பார் ஒரு சாரார். இரும்பு இரும்புதானே, பாதி விலைக்குக் கிடைப்பதை விட்டு முழு விலை கொடுப்பான் அறிவிலி என்பார் மற்றொரு சாரார். யாம் இவ்விரு கட்சியினையும் சார்ந்திலேம். விலையை நோக்கி முடிபு செய்தலும், வெறுப்பினால் முடிபு செய்தலும் ஒருங்கே தவறு என்பதும், உறுப்பின் இயல்பை நோக்கியே முடிபு செய்தல் வேண்டும் என்பதும் எம் கருத்து. தன் தேய்வைக் கண்ணுக்கும் கைக்கும் காட்டவல்ல உறுப்பைப் பழையதாகக் கொள்ளலாம். தன் தேய்வை உள்ளே மறைத்துக்கொள்ளும் உறுப்பைக் கொள்ளலாகாது. இதனை விரித்துரைப்பாம்.

புதுப்பேட்டை எழும்பூர் இருப்புப்பாதை நிலையத்திற்குத் தெற்கே கூவம் ஆற்றை ஒட்டியது. புதிய உறுப்பு வேண்டுவார் அண்ணா சாலையை அடுத்த ஜி.பி. ரோட்டிற்குச் செல்வர், பழையது வேண்டுவார் இங்கு வருவர். ஒரு தெரு முழுதும் கதவுகள், ஒரு சந்து முழுதும் எஞ்சின்கள் எனக் கிடக்கும் அவ்விடத்தை முதன்முறை காண்பவர் ஒரு போர்க்களத்தைக் கண்டாற் போல மருளுவர். ஆயினும் அங்குள்ள கடைக்காரர் இரும்பைக் கைத்தொட்ட அளவில் இஃது இன்ன வண்டியினது, இன்ன ஆண்டினது, இடப்பக்கத்தது என்று கூறிவிடுவர். எம்மனோர் ஒரு செய்யுளைக் கேட்டு இஃது இன்ன பாவினது என்று கூறுதற்கு அப்பயிற்சி எளிதில் இளைப்பதன்று. இத்தகைய கடைக்குக் ‘காயலான் கடை’ என்னும் பெயர் காயற்பட்டினத்து வணிகரால் வந்தது என்பர். இழிவுப் பெயராக இன்று வழங்குவது, ஒரு காலத்தில் தொலைவூர் சென்று வணிகம் நடாத்தினார் ஊர்ப்பெயராக இருந்திருத்தல் கூடும்.

பெயரைப் பற்றிப் பேசப் புகுந்தமையின் இன்னும் ஒன்று. பட்டறையில் ‘கமான்’ என்று வழங்குவது பாரசீகச் சொல். வில் என்பதே அதன் பொருள். நம் முன்னோர் சுருள்வில்லோ பட்டைவில்லோ பூட்டிய மாட்டு வண்டியை வில்வண்டி என்றனர். ஆக, பாரசீகரும் தமிழரும் தனித்தனியே ஒரே உவமையைக் கண்டனர் போலும். இது நிற்க.

வண்டியின் சுமையைத் தாங்குவது வில். 1678-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் வெளியிட்ட விதியின்படி, வில் ஏற்ற சுமைக்குத் தக்கவாறு வளையும் அல்லது சுருங்கும். சுமை நீங்கின் ஏற்றதைத் திருப்பித் தரும். திருப்பித் தருதலே அதன் குணமும் குற்றமும் ஆம். ஒரு பள்ளத்தில் இறங்கிய வண்டி அதன்பின் பல முறை துள்ளிக்கொண்டே செல்லும். அத்துள்ளலை அடக்குதற்கென்றே ஷாக் அப்சர்பர் வைக்கப்பட்டது. அது சுமையைத் தாங்குவதன்று. உள்ளே எண்ணெயைச் சிறு துளைகளின் வழியே தள்ளி, துள்ளலின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவதே அதன் தொழில். இவ்விரண்டினையும் வண்டியோடும் சக்கரத்தோடும் பிணைப்பன ஆர்ம், பால் ஜாயிண்ட், ரப்பர் புஷ் முதலியன. இவ்வேற்றுமையை அறியாதார், வண்டி தாழ்ந்திருந்தால் ஷாக் அப்சர்பரை மாற்றுவர். துள்ளினால் வில்லை மாற்றுவர். பின்னர்க் கடைக்காரனை நோவர்.

பட்டைவில்லை முதலில் எடுத்துக்கொள்வோம். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்ற அம்பாசடர் வண்டியின் பின்புறத்தில் இருப்பது இதுவே. முறிந்த பட்டை முறிந்தது என்று தெரியும். தளர்ந்த கட்டு தன் வளைவு குன்றித் தோன்றும். ஒரே வகையான இரண்டினை அருகருகே வைத்து நோக்கினால் எது தாழ்ந்தது என்பது குழந்தைக்கும் விளங்கும். ஆகலின் இதனைப் பழையதாகக் கொள்ளுதல் தகும். கமான் பட்டறையில் பட்டைகளைக் காய்ச்சி மீண்டும் வளைத்துக் கொடுப்பதும் உண்டு. ஆனால் முறைப்படி துவைச்சலும் பதமும் ஏற்றாமல் வெறுமனே வளைத்துக் கொடுத்தது சில திங்களில் மறுபடியும் தாழும். நல்ல எஃகு என்பதில் ஐயமில்லை. நம் நாட்டுக் கொல்லர் பலர் லாரிக் கமான் பட்டையைத் தேடி வாங்கி அரிவாள் அடிப்பது வேறெதனால்?

சுருள்வில்லின் திறத்தில் எச்சரிக்கை மிகுதியும் வேண்டும். அதன் மேற்பூச்சு உரிந்து துரு அரித்த சிறு குழியிலிருந்தே வெடிப்புத் தோன்றும். அவ்வெடிப்புப் பெரும்பாலும் அடிச்சுருளில், வில் தன் இருக்கையோடு மணலும் சேறும் பட்டு உராயும் இடத்தில் எழும். கடைக்காரர் மேலே புதிய கரும்பூச்சு அடித்து வைத்திருப்பின், மண்ணெண்ணெய் நனைத்த துணியாலும் கம்பித் தூரிகையாலும் அடிச்சுருளைத் துடைத்துப் பார்த்தல் வேண்டும். அதற்கு ஒருப்படாத கடையை விட்டு அகன்றுவிடுக. வில்லின் வலிமையைக் குறிக்கும் வண்ணக் கோடுகள் எஞ்சியிருப்பின் இரண்டிலும் ஒத்திருக்கின்றனவா என்று காண்க. ஒரே அச்சின் இருபுறத்திற்கும் இணையாகவே வாங்குக. இவ்வளவும் செய்து குற்றமற்றதாயின் கொள்ளலாம்.

லோயர் ஆர்ம் என்பதும் அத்தகையதே. இரும்புத் தகட்டினாலோ வார்ப்பினாலோ ஆகிய அதன் உடல் எளிதில் தேய்வதன்று. விபத்தில் வளைந்திருத்தல் மட்டுமே அச்சம். எதிர்ப்பக்கத்து ஆர்மோடு, கண்ணாடியில் தோன்றும் உருவை ஒப்பிடுமாறு ஒப்பிட்டால் வளைவு வெளிப்பட்டுவிடும். வளைந்ததைச் சம்மட்டியால் நிமிர்த்தித் தருவதாக ஒருவர் கூறின், அவர் சொல்லைக் கேளற்க. ஆர்மைப் பழையதாக வாங்கி, அதிலுள்ள ரப்பர் புஷ்ஷைப் பிடுங்கிவிட்டுப் புதிய புஷ் அழுத்தி மாட்டுதல் சிக்கனமும் அறிவுடைமையும் ஆம். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் மூப்படையும் பொருள். வெயிலும் வெப்பமும் எண்ணெயும் அதனைக் கெடுக்கும். ஆகலின் பழைய புஷ் என்பது வாங்கத்தக்க ஒரு பொருளே அன்று. புதிய புஷ்ஷின் போல்ட்டை, வண்டி சக்கரத்தின்மேல் நிற்கும் நிலையிலேயே இறுதியாக முடுக்குதல் வேண்டும். தூக்கி நிறுத்திய நிலையில் முடுக்கினால் ரப்பர் முறுக்குண்டு விரைவிற் கிழியும். இச்சிறு செய்தியை அறியாத பட்டறைகள் பல.

பால் ஜாயிண்ட்டும் டை ராடு எண்டும் பழையனவாக வாங்கவே கூடாதன. உறை கிழிந்து மணல் புகுந்த குண்டு உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். புறத்தே ஒன்றும் தோன்றாது. கழன்ற அன்று சக்கரம் தன் வழியே செல்லும். இதற்குமேல் இதனைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

இனி ஷாக் அப்சர்பர். புதுப்பேட்டையில் மாணவர் பெரிதும் கேட்டு வாங்குவதும், எம் கருத்தில் பெரிதும் ஏமாறுவதும் இதனாலேயே. கடையில் அதனைக் கையில் கொடுப்பர். நாம் தண்டை அழுத்துவோம். அது மெல்ல இறங்கி மெல்ல எழும். ‘நல்ல உயிர் இருக்கிறது’ என்று மகிழ்வோம். கையின் அழுத்தம் எத்துணை? சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் ஒரு குழியில் இறங்கும் சக்கரம் அத்தண்டினைத் தள்ளும் விரைவு எத்துணை? உள்ளிருக்கும் வால்வின் நிலை மெல்லிய அழுத்தத்தில் வெளிப்படாது. படுக்கையாகக் கிடந்த ஷாக் அப்சர்பருள் சிலவற்றில் காற்றுப் புகுந்திருக்கும். அவற்றை நிமிர்த்திச் சில முறை இழுத்து அழுத்திய பின்னரே உண்மை நிலை தோன்றும். இதனால் நல்லது தீயதாகவும் தோன்றும். தீயதற்குக் கடைக்காரர் ‘படுத்துக் கிடந்தது, அவ்வளவே’ என்று காரணம் கூறவும் இடமாகும். எண்ணெய்க் கசிவையோ ஒரு துணி துடைத்துவிடும். தண்டின் பளபளப்பில் நகத்திற்கு அகப்படும் கீறல் இருப்பின், அஃது எண்ணெய் காக்கும் சீலை அறுத்துக்கொண்டே இருக்கும். கீறலும் கசிவும் இல்லையெனினும் நன்று என்று துணிதல் அரிது.

இவ்வுறுப்புத் தேய்ந்தால் வருவது உடல் அலுப்பு மட்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அன்று. துள்ளும் சக்கரம் தரையை விட்டு நீங்குகின்றது. தரையை விட்டு நீங்கிய சக்கரத்தைப் பிரேக்குப் பிடித்து யாது பயன்? வண்டி நிற்கும் தூரம் நீளுகின்றது. ஈரச் சாலையின் வளைவில் வழுக்குகின்றது. ஓட்டுபவன் இக்குறையைத் தான் பேரம் பேசி வாங்கிய ஒன்றாகத் தெரிந்தே ஏற்கலாம். சாலையைக் கடக்கும் சிறுவன் எந்தக் கடையிலும் பேரம் பேசியவன் அல்லன். இது காரணமாகவே ஷாக் அப்சர்பரைப் பழையதாக வாங்குதலை யாம் மறுக்கின்றோம்.

மாருதி 800 போன்ற வண்டிகளின் முன்புறத்தில் வில்லும் ஷாக் அப்சர்பரும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்திருக்கும். இயர்ல் மக்பெர்சன் என்னும் அமெரிக்கர் 1940-களில் வகுத்த அமைப்பு இது. கழித்த வண்டியிலிருந்து இதனை முழுமையாகவே எடுத்து விற்பர். அதிலுள்ள வில் அமுக்குண்டு நிற்பது. வில்லமுக்கும் கருவி பூட்டாமல் தலை நட்டைக் கழற்றுபவன் ஒரு பீரங்கியின் வாயில் முகத்தை வைத்தவன் ஆவான். விடுதியின் பின்புறத்தில் ஸ்பானர் ஒன்றே துணையாக இவ்வேலையில் இறங்க எண்ணும் நண்பர்கள் இதனை இருமுறை படித்தருளுக.

‘பொருளற்றவன் என் செய்வான்?’ என்பது எம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் தடை. வாடகை வண்டி ஓட்டிக் குடும்பத்தைக் காப்பவரிடம் புதியது வாங்குக என்று அறிவுரை பகர்தல் எளிது. அதனை யாம் அறிவோம். ஆயினும் கணக்கை முழுதும் போட்டுப் பார்த்தல் வேண்டும். பழைய ஷாக் அப்சர்பரை மாட்டக் கூலி. அது விரைவில் கெட்டபின் மீண்டும் கழற்றி மாட்டக் கூலி. இடைக்காலத்தில் ஒரு பக்கமாகவும் திட்டுத் திட்டாகவும் தேய்ந்த டயரின் விலை. ஒவ்வொரு முறையும் வீல் அலைன்மெண்ட். இவற்றைக் கூட்டினால் மலிவு என்பது பெயரளவில் நின்றுவிடும். ஆர்மையும் பட்டைவில்லையும் பழையனவாக வாங்கி மிஞ்சிய பொருளை ஷாக் அப்சர்பருக்கும் பால் ஜாயிண்ட்டுக்கும் செலவிடுதலே ஏழைக்கேற்ற சிக்கனம்.

பிரான்சு நாட்டில் 2017-ஆம் ஆண்டு முதல், வண்டி செப்பனிடுவோர் பழைய உறுப்பினாலும் செப்பனிட்டுக்கொள்ளும் வாய்ப்பை உரிமையாளர்க்கு அளித்தல் வேண்டும் என்று விதித்துள்ளனர். பொருளை வீணாக்காமையை அந்நாடு அத்துணைப் போற்றுகின்றது. அவ்விதியே சக்கரம் தாங்கும் அமைப்பையும், திருப்பும் உறுப்புக்களையும், பிரேக்கு உறுப்புக்களையும் விலக்கி வைத்துள்ளது. எம் கொள்கையினும் அஃது ஒருபடி கடியது. நம் நாட்டில் அவ்வளவு செல்ல வேண்டுவதில்லை என்பது எம் துணிபு. ஏனெனில் உற்பத்தி நின்ற வண்டிகளுக்குச் சில உறுப்புக்கள் பழையனவாகவன்றிக் கிடைத்தல் அரிது. மேலும், புதியது என்னும் பெயரால் புகழ்பெற்ற பெட்டியில் அடைத்து விற்கப்படும் போலிச் சரக்கும் உண்டு. போலிப் புதியதினும் உண்மையான பழைய ஆர்ம் நூறு பங்கு மேல்.

களவுப் பொருள் என்னும் குற்றச்சாட்டும் ஆராயத்தக்கது. புதுப்பேட்டை வணிகர் அனைவரையும் அவ்வாறு பழித்தல் நேர்மையன்று. ஆயின் ஐயத்திற்கு இடம் உண்டு. வண்டியின் சட்டத்திலும் எஞ்சினிலும் அவ்வவ்வண்டிக்குரிய எண் பொறிக்கப்படும். ஒரு சுருள்வில்லிலோ ஆர்மிலோ அவ்வண்டியைக் காட்டும் எண் இராது. களவுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் ஒன்றை வாங்கியவர், 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சம்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி குற்றவாளி ஆவர்.

2021-ஆம் ஆண்டின் விதிகளின்படி, பதிவு பெற்ற கழிவு நிலையத்தில் வண்டியை ஒப்புவிப்பவர்க்குச் சான்று வழங்கப்படுகின்றது. அச்சான்றின் எண்ணை, அவ்வண்டியிலிருந்து கழற்றப்பட்ட ஒவ்வோர் உறுப்பின் விற்பனைச் சீட்டிலும் எழுதித் தருமாறு வாங்குவோர் கேட்கத் தொடங்குதல் வேண்டும். வண்டியின் ஆண்டு, ஓடிய கிலோமீட்டர், வலம் இடம் என்பனவும் அச்சீட்டில் அடங்கும். யாம் விசாரித்த கடைக்காரர் ஒருவர், “எழுதித் தர எமக்குத் தடை ஒன்றும் இல்லை, தம்பி, சீட்டு வேண்டும் என்று கேட்பவரே இல்லை, சீட்டு இல்லையேல் இன்னும் எவ்வளவு குறைப்பாய் என்பதே கேள்வி” என்று கூறினார். கோடை விடுமுறையில் புதுப்பேட்டை செல்லவிருக்கும் நண்பர்கள், பேரத்தைத் தொடங்குமுன் அச்சீட்டைக் கேட்டுப் பார்ப்பாராக.