மேலே பெய்வது கீழே தெரியுமா?

இரண்டாம் ஆண்டு மாணவன், மின் மற்றும் மின்னணுவியல் துறை

'உலகம் சூடாகிறது' என்ற தலைப்பில் எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது, துருவப் பனி, வெள்ளைக் கரடி என்றுதான் ஆரம்பிக்க நினைத்தேன். ஆனால் எங்க வீட்டில் வெள்ளைக் கரடியைப் பார்த்தவர் யாருமில்லை. அப்பா குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்து விடுகிறவர். சீசன் நன்றாக இருந்தால் எனக்குக் காலேஜ் பீஸ். இல்லையென்றால் வட்டிக்கு வாங்க வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே சாரலைப் பற்றியே எழுதுகிறேன்.

"முன்ன மாதிரி சாரல் இல்லலே" என்று அப்பா வருஷா வருஷம் சொல்வார். இதையே சான்று என்று எழுதிவிடலாம். ஆனால் எங்கள் ஆசிரியர் ஒருவர், "ஒரு வருஷ மழையை வைத்துக் காலநிலையைப் பேசாதே, முப்பது வருஷக் கணக்கைக் கொண்டா" என்பார். சரிதான். அந்தக் கணக்கும் இருக்கத்தான் செய்கிறது. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றை அளந்து வருகிறார்கள். தொழிற்சாலைகள் பெருகும் முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அளவெடுக்கத் தொடங்கிய பின் மிக வெப்பமான ஆண்டு 2024தான் என்றும், 1850-1900 சராசரியை விடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல் என்றும் உலக வானிலை அமைப்பு அறிவித்தது.

ஒன்றரை டிகிரிதானே? நானும் அப்படித்தான் கேட்டேன். காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்குமாம். சுமந்ததை என்றைக்காவது இறக்கித்தானே ஆக வேண்டும்? பல நாள் சாரலாக இறக்க வேண்டியதைச் சில மணி நேரத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. நம் பக்கத்து 2023ஐ நினைத்துப் பாருங்கள். அந்த ஆகஸ்ட், 1901 முதல் உள்ள கணக்கிலேயே இந்தியாவின் மிக வறண்ட ஆகஸ்ட். எண்ணெய்க் குப்பியைத் திறக்காமலே அப்பா வீடு திரும்பிய நாட்கள் உண்டு. அதே வருஷம் டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! தூத்துக்குடி மாவட்டத்தில் வருஷம் முழுக்கப் பெய்வதே அவ்வளவு கிடையாது. இந்த ஒரு மழைக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு போகிற திசை அதுதான்.

அப்புறம் 2024 மே 17. பழைய குற்றால அருவியில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. ஒரு பள்ளி மாணவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். கிட்டத்தட்ட என் வயசு. மழை பெய்தது மேலே மலையில், சனம் நின்றது கீழே. தண்ணி கலங்கும், சருகும் குச்சியும் வரும், சத்தம் மாறும், உடனே ஓடியாந்துரணும் என்று அப்பா எனக்குச் சின்ன வயசிலேயே சொல்லித் தந்திருக்கிறார். வெளியூரிலிருந்து வந்து தலையை நீட்டி நிற்பவருக்கு இது எப்படித் தெரியும்?

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். அது உண்மை இல்லை. 2008இல் மத்திய அரசு எட்டு இயக்கங்களோடு தேசியச் செயல்திட்டம் போட்டது. 2070க்குள் நிகரப் புகை வெளியீட்டைச் சுழியாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோவில் சொன்னது. தமிழக அரசு 2022இல் பசுமைத் தமிழகம் இயக்கத்தைத் தொடங்கி, 23.7 சதவீதப் பசுமைப் பரப்பை 33 ஆக்குவதாகச் சொல்கிறது. 2024இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயிலில் நின்று வேலை பார்க்கிறவர்களுக்கு இது பெரிய காரியம். காற்றாலையையும் சொல்ல வேண்டும். நமக்குச் சாரலைக் கொண்டு வருகிற காற்றுதான் சுரண்டைப் பக்கம் காற்றாலையையும் சுற்றுகிறது! 1986இல் முள்ளக்காட்டில் சின்னதாகத் தொடங்கியது, இன்று தமிழகத்தில் 10 ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. மின்னியல் மாணவனாக எனக்கு இதில் பெருமைதான்.

ஆனாலும் 2070, 33 சதவீதம் எல்லாம் இருக்கட்டும், எனக்கு அடுத்த ஆனி மாசக் கவலை. மாவட்டத்துக்குக் கனமழை எச்சரிக்கை என்று செல்போனில் வரும். எந்த அருவி, எத்தனை மணிக்கு என்று வராது. ஆபத்து என்றால் குளிக்கத் தடை. போடத்தான் வேண்டும், உயிரை விட எண்ணெய் பெரிதில்லை. ஆனால் மேலே ஓடையில் எவ்வளவு தண்ணீர் என்று அளக்காமல் போடுகிற தடை, ஒன்று தேவைக்கு மேல் நீளும். அல்லது பத்து நிமிஷம் பிந்தி வரும். முதலாவதில் அப்பாவுக்குக் கூலி போகிறது. இரண்டாவதில் ஒருவன் உயிரே போகிறது. கோடிகளில் திட்டம் போடுகிறவர்கள் முதலில் ஒவ்வொரு அருவிக்கும் மேலே ஓர் அளவுகோலை வைக்கட்டும் என்பதே என் கட்சி.

இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாடித் தொட்டிக்கு வைக்கிற மிதவை சுவிட்ச் நமக்குத் தெரியாததா? மேலே ஓடையில் அது, கீழே ஒரு சைரன், நடுவில் ரேடியோ. காட்டுக்குள் கம்பி இழுக்க முடியாது, வனத்துறை அனுமதி வேண்டும், வெயிலே இல்லாத சாரல் நாட்களுக்குப் பேட்டரி பலமாக இருக்க வேண்டும். இதையே மூன்றாம் ஆண்டு புராஜெக்டாக எடுக்க நாங்கள் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறோம். ரேடியோ தெரிந்தவர்கள் யாராவது கூட வந்தால் நல்லது.

அப்பாவிடம் சொன்னேன். "சங்கு ஊதட்டும்லே. தண்ணி வடிஞ்ச உடனே எல்லாரும் உள்ள வாங்கன்னு இன்னொரு சங்கு ஊதுமா?" என்று கேட்டார். அதையும் சர்க்யூட்டில் சேர்க்க வேண்டும்.