பாராட்டு மேடையில் யாருக்கு இடம்?

நாடெங்கும் பெண்கள் பள்ளிகளில் ஆண்டுவிழா, நூற்றாண்டு விழா போன்ற தருணங்களில் முன்னாள் மாணவியரைப் பாராட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆட்சிப்பணி அதிகாரியும் மருத்துவரும் பெருநிறுவன மேலாளரும் மேடையேறுகின்றனர். பொன்னாடை போர்த்தி, நினைவுப்பரிசு வழங்கப்படுகிறது. வரவேற்கத்தக்க வழக்கம்தான். தன்னைப் போல் இதே பெஞ்சில் அமர்ந்து படித்த ஒருத்தி இவ்வளவு தூரம் சென்றிருக்கிறாள் என்பதைக் கண்ணால் காணும் சிறுமிக்குப் பிறக்கும் துணிவு சாதாரணமானதல்ல. ஆனால் "சாதனை" எந்த அளவுகோலால் அளக்கப்படுகிறது, அந்தச் சாதனைக்கு வழிதிறந்தது எது என்ற இரண்டு கேள்விகளும் இவ்விழாக்களில் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை.

கொல்கத்தாவின் பெத்தூன் பள்ளியின் வரலாறு இவற்றுக்கு விடை தருகிறது. 1849 மே மாதம் 21 சிறுமியருடன் அப்பள்ளி தொடங்கியது. மதன்மோகன் தர்க்காலங்கார் தம் இரு மகள்களையும் அங்கே சேர்த்ததற்காகச் சமூகத்தின் வசைக்கு ஆளானார். ஈஸ்வர சந்திர வித்யாசாகர் அதன் செயலாளராகப் பொறுப்பேற்று, வீடு வீடாக எதிர்ப்பைச் சந்தித்த அந்த முயற்சியைத் தாங்கினார். 1878இல் கல்கத்தா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் காதம்பினி பாசு தேர்ச்சி பெற்றபோது, அந்த ஒரே மாணவிக்காக 1879இல் கல்லூரி வகுப்பு தொடங்கப்பட்டது. 1883இல் காதம்பினியும் சந்திரமுகி பாசுவும் பட்டம் பெற்றனர்.

பட்டம் பெற்றதோடு போராட்டம் முடியவில்லை. அதே பள்ளியில் படித்த அபலா தாஸுக்கு (பின்னாளில் அபலா போஸ்) மருத்துவம் பயில வங்காளத்தில் இடம் கிடைக்கவில்லை. 1882இல் அவர் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்வியில் சேர வேண்டியிருந்தது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியின் கதவைத் திறக்கச் செய்து உள்ளே நுழைந்த காதம்பினியை, மருத்துவரான பிறகும் பழமைவாதிகள் விட்டுவைக்கவில்லை. அவரது ஒழுக்கத்தை இழிவுபடுத்தி எழுதிய "பங்கபாசி" இதழின் ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டு, சிறைத்தண்டனை பெற்றுத் தந்த பிறகே அவதூறு ஓய்ந்தது.

அந்தக் காதம்பினி தம் தொழிலோடு நின்றுவிடவில்லை. 1889இல் காங்கிரஸ் மாநாட்டுக்குச் சென்ற முதல் பெண் பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். 1922இல், அறுபது வயதைக் கடந்த நிலையில், பெத்தூனில் பயின்ற கவிஞர் காமினி ராயுடன் இணைந்து பீகார், ஒரிசா நிலக்கரிச் சுரங்கங்களில் உழைத்த பெண்களின் நிலையை நேரில் ஆராயச் சென்றார். படித்த பெண்ணின் சாதனை, உழைக்கும் பெண்ணின் வாழ்வோடு தொடர்புகொள்ளும்போதுதான் முழுமை பெறுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

அடுத்த தலைமுறையில் பிரீதிலதா வடேதாரும் கல்பனா தத்தும் சிட்டகாங் கஸ்தகீர் பெண்கள் பள்ளியில் படித்துப் பெத்தூன் கல்லூரிக்கு வந்தனர். பள்ளித் தலைமையாசிரியையாகவும் பணியாற்றிய பிரீதிலதா, 1932 செப்டம்பரில் பகார்தலி ஐரோப்பியர் கிளப் தாக்குதலுக்குத் தலைமையேற்று, 21 வயதில் உயிர்நீத்தார். ஆயுள்தண்டனை பெற்ற கல்பனா, 1939இல் விடுதலையாகிக் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். வங்கப் பஞ்சத்தின்போது நிவாரணப் பணியில் ஈடுபட்டார். பெத்தூனில் பயின்ற பீனா தாஸ், 1932 பிப்ரவரியில் பட்டமளிப்பு விழாவிலேயே ஆளுநரை நோக்கிச் சுட்டுச் சிறை சென்றார். பிரீதிலதாவுக்கும் பீனா தாஸுக்கும் ஏகாதிபத்தியம் பட்டத்தை மறுத்தது. கல்கத்தா பல்கலைக்கழகம் அதை வழங்கியது 2012இல். எண்பது ஆண்டுகள் தாமதமான பாராட்டு! தம் காலத்து அதிகாரத்தை எதிர்த்த மாணவியருக்கு மேடையில் இடம் எளிதில் கிடைப்பதில்லை.

இவ்வரலாற்றின் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. "மரியாதைக்குரிய" இந்துக் குடும்பத்துப் பெண்களுக்கென்றே பெத்தூன் பள்ளி தொடங்கியது. அதற்கு ஓராண்டு முன்பே, 1848இல், புனேயில் ஜோதிபாவும் சாவித்திரிபாய் புலேவும் தொடங்கிய பெண்கள் பள்ளி முயற்சி ஒடுக்கப்பட்ட சாதியினரையும் நோக்கி விரிந்தது. அவர்களிடம் பயின்ற மாங் சாதிச் சிறுமி முக்தா சால்வே, 14 வயதில் மாங், மகர் மக்களின் துயரம் குறித்து எழுதிய கட்டுரை 1855இல் "ஞானோதயா" இதழில் வெளிவந்தது. பதவியோ பட்டமோ பெற்ற சாதனையல்ல அது. சாதி ஆதிக்கத்தைக் கேள்வி கேட்க ஒரு சிறுமிக்குச் சொல் கிடைத்தது. ஒரு பள்ளிக்கு இதைவிடப் பெரிய பெருமை என்ன இருக்க முடியும்?

இன்றைய பாராட்டு விழாக்களில் இந்த அளவுகோல் காணாமல் போயிருக்கிறது. பதவியும் வருமானமும் மட்டுமே சாதனையாகும்போது, கல்வி தனிமனித ஏணியாகச் சுருங்குகிறது. அதே வகுப்பில் படித்து அங்கன்வாடி ஊழியராகவும் ஆஷா பணியாளராகவும் செவிலியராகவும் உழைப்பவர்கள் பார்வையாளர் வரிசையில்கூட அழைக்கப்படுவதில்லை. அந்தப் பள்ளியிலேயே மதிய உணவு சமைப்பவர் அதன் முன்னாள் மாணவியாகவும் இருக்கலாம். அவருக்கு ஒன்றிய அரசு 2009இல் வகுத்த மதிப்பூதியம் மாதம் 1000 ரூபாய். அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கே. அவர் அடுப்படியில் நிற்க, மேடையில் பெண்ணுரிமை பேசப்படுகிறது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. தேசியக் கல்விக் கொள்கை 2020 முன்னாள் மாணவர்களையும் தன்னார்வலர்களையும் கொடையாளர்களையும் பள்ளிகளின் துணையாக முன்னிறுத்துகிறது. "வித்யாஞ்சலி" திட்டம் அவ்வழியே செல்கிறது. படித்த பள்ளிக்கு ஒருவர் நன்றியுடன் உதவுவது நற்பண்பு. ஆனால் கழிப்பறைக்கும் ஆய்வகத்துக்கும் ஆசிரியர் பணியிடத்துக்கும் முன்னாள் மாணவியரின் கையை அரசு எதிர்பார்க்கத் தொடங்கினால், அது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். வசதி படைத்த முன்னாள் மாணவியர் உள்ள நகரப் பள்ளி செழிக்கும். முதல் தலைமுறை மாணவியர் பயிலும் கிராமப் பள்ளி யாரிடம் கையேந்தும்? உள்நாட்டு உற்பத்தியில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்ற கோத்தாரி குழுவின் 1966ஆம் ஆண்டுப் பரிந்துரை இன்றும் எட்டப்படவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு முடிகிறது. வறுமையும் தொலைவும் குழந்தைத் திருமணமும் பெண்ணைப் பள்ளியிலிருந்து பிடுங்கும் வயதும் அதுவே. எண்ணிக்கை குறைவு என்று சொல்லி அருகிலுள்ள பள்ளியை மூடினால், முதலில் வீட்டில் நிறுத்தப்படுபவள் சிறுமிதான்.

எனவே மாணவர், ஆசிரியர், மாதர் அமைப்புகளுக்கு இவ்விழாக்களில் ஒரு கடமை உண்டு. விலகி நின்று விமர்சிப்பது போதாது. முன்னாள் மாணவியர் சங்கங்களில் பங்கேற்று, பாராட்டுப் பட்டியலில் தொழிற்சங்கத் தலைவியும் அங்கன்வாடி ஊழியரும் இடம்பெறச் செய்ய வேண்டும். இடைநின்ற மாணவியரின் கணக்கும் அதே மேடையில் படிக்கப்பட வேண்டும். நன்கொடைத் தீர்மானத்தோடு, காலிப் பணியிடங்களை நிரப்பு, கட்டணமில்லாக் கல்வியைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை சட்டமாக்கு என்ற தீர்மானமும் நிறைவேற வேண்டும்.

ஒரே ஒரு மாணவிக்காக ஒரு கல்லூரி வகுப்பைத் தொடங்க முடிந்த நாடு இது. ஒரே ஒரு மாணவிக்காகவும் ஒரு பள்ளி மூடப்படாமல் காக்கப்பட வேண்டும் என்று கோரும் குரல், அந்த வரலாற்றுக்குச் செய்யும் உண்மையான மரியாதையாகும்.